உம் கொட்டியவர்களுக்கு நன்றி: கதை சொல்கிற என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் 26 வருடம் ஆயாவாக வேலை செய்தேன். வேலையை விட்டு நின்ற பிறகு, சனிக்கிழமை இரவுகளில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கதை சொல்லத் தொடங்கினேன். பேரன் அதைப் போனில் பதிந்து, கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினான். அங்கிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது. இந்த 2025 முடிகிறபோது, வருடம் முழுக்க நீங்கள் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கதை சொன்னது நீங்கள். அப்படியிருக்க நீங்கள் எங்களுக்கு நன்றி சொல்வது ஏன்?

எனக்குக் கதை சொல்லக் கற்றுத் தந்தது என் அம்மாயி, அம்மாவின் அம்மா. எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பு, படுக்கை, எட்டுப் பேர், எல்லாம் அதற்குள். பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. அங்கே இருமினால் இங்கே தூக்கம் கலையும். அம்மாயி கதை சொல்லும்போது நாங்கள் முறை வைத்து 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும்.

ஒரு நாள் இரவு தங்கச்சிகள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்கும் பாதித் தூக்கம். அம்மாயி கதையை நிறுத்திவிட்டு விளக்கைத் தணிக்கப் போனார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உம்... அப்புறம்?" என்று ஒரு குரல். பக்கத்துக் காம்பராத் தாத்தா. பெண்சாதி செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அவருக்கு. அம்மாயி அவரை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அன்றிலிருந்து அந்தத் தாத்தா இருந்த வரைக்கும், எங்களுக்குச் சொல்கிற கதையைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மாயிதான் தாத்தாவுக்கு ஆறுதல் தந்தார் என்று நினைத்திருந்தேன். நானே சொல்லத் தொடங்கிய பிறகுதான் மற்றப் பாதி விளங்கியது. பகல் முழுக்க மலையில் கொழுந்தெடுத்து, 'பேர்' (முழு நாள் சம்பளம்) விழுமா விழாதா என்ற கவலையோடு திரும்பி வந்த ஒரு மனுசிக்கு, அந்த ராத்திரியில் "அப்புறம்?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். இந்த வருடம் எனக்கு அப்படிக் கேட்டவர்கள் எத்தனை பேர்! கட்டுநாயக்கவில் தையல் ஆலையில் இரவு வேலை செய்கிற தங்கச்சி. குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிற மகள். அட்டனில் த்ரீவீல் ஓட்டுகிற தம்பி. நீலகிரிக் கூடலூரில் இருக்கும் ஒரு பாட்டி. உங்கள் எல்லோருக்கும்தான் இந்த நன்றி.

கதை கேட்டால் கவலை தீரும் என்கிறீர்களா?

கவலை தீராது. சம்பளம் கூடாது, கடன் குறையாது. ஆனால் அது கொஞ்சம் இடம் மாறி உட்காரும். இதைப் பற்றியே நம் பக்கத்தில் ஒரு பழைய கதை உண்டு.

ஒரு கிழவி. இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் அவளைப் படாத பாடு படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. சொல்லாத துன்பமெல்லாம் உடம்பில் ஏறி, அவள் ஊதிக்கொண்டே போகிறாள். ஒரு நாள் வீட்டை விட்டு நடந்து, கூரை போன ஒரு பாழ்வீட்டுக்குள் நுழைகிறாள். முதல் சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். அந்தப் பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இரண்டாவது சுவருக்கு ஒரு மருமகள், மூன்றாவதுக்கு இளைய மகன், நாலாவதுக்கு மற்ற மருமகள். நாலு சுவரும் விழுந்து முடிந்தபோது கிழவி இலேசாகி நிற்கிறாள். அப்புறம் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்.

இந்தக் கதையை நான் எங்கள் லயத்தில் சொல்லும்போது பெண்கள் யாரும் சிரிப்பதில்லை. ஒருமுறை ஓர் அக்கா சொன்னார்: "அந்தக் கெழவி எங்க லயத்துல இருந்திருந்தா வீட்ட விட்டுப் போயிருக்க மாட்டா. செவுத்துக்கு அந்தப் பக்கம் யாராச்சும் கேட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க." அந்தப் பேச்சு என் மனதில் அப்படியே இருக்கிறது.

புயல் நேரத்தில், எல்லோரும் அவ்வளவு பயத்தில் இருக்கும்போது கதை சொன்னீர்களாமே. அது எப்படி முடிந்தது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டீர்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது எல்லோருக்கும் தெரியும். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மலைநாட்டில் ஆளை எடுத்தது பெரும்பாலும் மண்சரிவுதான். எங்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்புக் கண்டதால், எல்லோரும் தோட்டத்துப் பாடசாலைக்குப் போனோம். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோட்டில் மண். மழைச் சத்தத்துக்கு நடுவில் மலைப்பக்கமிருந்து ஏதாவது சத்தம் வந்தால் அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் இல்லை.

முதல் நாள் இரவு நான் ஒரு தப்புச் செய்தேன். பிள்ளைகளைச் சிரிக்க வைத்தால் பயம் போகும் என்று நினைத்து, ஒரு சிரிப்புக் கதையை எடுத்தேன். மூன்று நாலு பிள்ளைகள் சிரித்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய் எழுந்து மற்ற மூலைக்குப் போய்விட்டாள். கீழ் டிவிசனில் இருந்த அவள் அண்ணன் வீட்டைப் பற்றி அதுவரை ஒரு சேதியும் இல்லை. சிரிக்க முடியாதவர் இருக்கிற இடத்தில் சிரிப்பு மூட்டப் பார்த்தது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் உறைத்தது. கதையை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. விடியும் வரை குழந்தையை மாறி மாறி வைத்திருந்தோம்.

இரண்டாவது நாள் இரவு நானாகத் தொடங்கவில்லை. ஆறு வயதுப் பொடியன் ஒருவன் வந்து, "ஆயாம்மா, அந்த ரொட்டிக் கத" என்றான். பிள்ளைக் காம்பராவில் நான் சொல்வது. ஒரு பாட்டி ரொட்டி சுடுகிறாள், ஒவ்வொரு ரொட்டியும் ஒவ்வோர் ஆளைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான் கதை. பெரிய திருப்பம் எதுவும் இல்லை. மாவு பிசைகிற விதம், தேங்காய்ப்பூ போடுகிற விதம், கல் காய்கிற வாசம், சம்பலுக்குக் கொச்சிக்காய் அரைப்பது என்று மெதுவாகப் போகும். குரலை மிகவும் தாழ்த்தினேன். மழைச் சத்தத்தை மீற முயலாமல், கிட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் இருந்தவர்கள் பாயை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். ஒரு ரொட்டியை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டேன். "கீழ் டிவிசன் மாமாவுக்கு" என்றான் பொடியன். அந்தத் தாய் இருந்த மூலையிலிருந்து "உம்" என்று கேட்டது.

அவள் அண்ணன் குடும்பம் உயிரோடு இருக்கிறது என்ற சேதி மறுநாள் பகல்தான் வந்தது. வேறு சில வீடுகளுக்கு அப்படிச் சேதி வரவில்லை. கதையால் ஒரு மண்மேட்டையும் நகர்த்த முடியாது, எனக்கு அது தெரியும். அந்த ராத்திரியில் அங்கிருந்த பிள்ளைகள் ஐந்து மணி நேரம் தூங்கினார்கள். பெரியவர்கள் சிலரும் தூங்கினார்கள்.

அழுகைக் கதைகளை ஏன் சொல்கிறீர்கள்? இருக்கிற சோகம் போதாதா?

அதே பாடசாலையில், மூன்றாம் நாள், வயதான ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. நல்லதங்காள் சொல்லு புள்ள" என்றார். நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணி மூளி அலங்காரி அடித்து விரட்டாத குறையாக அனுப்பிவிடுகிறாள், கடைசியில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. நாலைந்து பெரிய பெண்கள் மட்டும் பின் வராந்தாவுக்குப் போனோம். அண்ணி கதவடைக்கிற இடம் வந்தபோதே அந்த அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அங்கேயே கதையை நிறுத்திவிட்டேன். கிணறு வரைக்கும் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. நல்லதங்காளுக்காக அழத் தொடங்கி, இடிந்த தன் காம்பராவுக்காகவும் தன் மனுசனுக்காகவும் அழுதார்.

மாசி மாதம் எங்கள் தோட்டங்களில் நடக்கிற காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்துபோகிறான். ரதி அழுகிறாள். தப்பு மேளம் அடங்கி, ரதி வேசம் கட்டியவரின் ஒப்பாரி மட்டும் கேட்கும். சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுவார்கள். அவர்கள் அழுவது ரதிக்காக மட்டும் என்று யாரும் நினைப்பதில்லை. வருடத்தில் ஒரு ராத்திரி, காரணம் சொல்லாமல் எல்லோர் முன்னாலும் அழலாம். இப்படி ஓர் இடத்தை எங்கள் முன்னோர் எங்களுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை நான் பெரிய சொத்தாக நினைக்கிறேன்.

கதையின் முடிவை நீங்கள் மாற்றுவதுண்டா?

உண்டு. அத்திரிபாச்சா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பேர் மறந்துபோகாமல் இருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்கிறான். பிறகு வாயில் அதுதான் வருகிறது. பெண்சாதியிடம் அத்திரிபாச்சா கேட்கிறான். அவளுக்கு விளங்கவில்லை. கோபத்தில் அடிக்கிறான். "கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்று அவள் அழும்போதுதான் அவனுக்குப் பேர் ஞாபகம் வருகிறது.

நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளை, "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் வீங்குச்சு" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் கதையில் அவன் அவசரத்தில் நிலைக்கதவில் தலையை இடித்துக்கொள்கிறான், வீங்குவது அவன் நெற்றி. கதை கொஞ்சமும் கெடவில்லை. அம்மாயி இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

ஒரே கதையை எத்தனை தரம்தான் சொல்வது? என் மகன் வேறு கதை கேட்கவே மாட்டேன் என்கிறான்.

கேட்கிற வரைக்கும் சொல்லுங்கள். தாய் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போய்விடுவாள், பகல் சாப்பாட்டுக்கு வருவாளா, கொழுந்து நிறுவை முடிந்துதான் வருவாளா என்று பிள்ளைக்குத் தெரியாது. கதையில் நரி எப்போது வரும் என்று தெரியும். அந்த நிச்சயம் அவனுக்கு வேண்டியிருக்கிறது. சொற்களைக்கூட மாற்றாதீர்கள், பிடித்துவிடுவான்.

இந்தக் கதைகளெல்லாம் எங்கிருந்து வந்தவை?

நடந்து வந்தவை. எங்கள் மூத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த காலத்தில், தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் கணக்கில்லை. மூட்டையில் பாத்திரம் பண்டம் கொஞ்சம்தான் கொண்டுவர முடிந்தது. கதைக்குப் பாரம் இல்லை. கோப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்தபோதும் அதே கதைகள்தான், ஆனால் அரண்மனை பங்களாவாக மாறியது, ராசா சில நேரம் துரையாக மாறினார். 2023இல், எங்கள் மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று அந்தப் பாதையில் திரும்ப நடந்தார்கள் அல்லவா, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு. முழுக்க நடக்க என் முழங்கால் விடவில்லை, மாத்தளையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் வந்த ஒரு பெரியவர் சொன்ன கதை, எங்கள் அம்மாயி சொன்ன அதே நரிக் கதை. அவர் இரத்தினபுரிப் பக்கம்.

1964இல், எங்கள் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கமும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. அம்மாயியின் தங்கச்சி குடும்பம் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போனது. மேலே சொன்ன கூடலூர்ப் பாட்டி எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் அதே வழியில் போனவர். அங்கேயும் தேயிலைதான். என் கதை ஒன்றைக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது பாதி. அந்த ராசாவுக்கு இன்னொரு மக இருந்தா" என்று குரல் அனுப்பி, அந்த மகளின் கதையை 20 நிமிடம் சொன்னார். எங்களுக்குத் தொலைந்துபோன பாதி அறுபது வருடம் கடலுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்திருக்கிறது. இந்த வருடம் எனக்குக் கிடைத்ததில் மிகப் பெரியது அதுதான், பாட்டி.

இன்னொரு பேரையும் சொல்ல வேண்டும். மடக்கும்பரையில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. கவிஞர், தொழிற்சங்கக்காரர், பாராளுமன்றத்துக்கும் போனவர். தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பாட்டுக்கு அவர் செய்ததைக் கதைக்கு நாம் ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் கோயில் மணி அடிக்கும் என்று நீங்கள் சொன்னது உண்மையா?

பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது உண்மை, அணை கட்டியதால். மழை இல்லாத காலத்தில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலின் மிச்சம் வெளியே தெரிவதும் உண்மை, போய்ப் பார்க்கலாம். மணிச்சத்தம் கதை. எது கதை என்று பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

காசு ஏதாவது அனுப்பலாமா?

வேண்டாம். புயலில் வீடு போன குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்த தோட்டத்திலேயே இருக்கும். அவர்கள் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.

நானும் கதை சொல்ல ஆசைப்படுகிறேன். எப்படித் தொடங்குவது?

முதலில் உங்கள் வீட்டிலேயே வயதில் மூத்தவரிடம் போங்கள். "கதை சொல்லுங்க" என்று நேரே கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்பார்கள். கீரை ஆய்ந்துகொண்டோ, குளிருக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டோ, "சின்னதுல உங்கள எதச் சொல்லிப் பயமுறுத்துவாங்க?" என்று கேளுங்கள். அது எப்போதும் வேலை செய்யும். கேட்கும்போது போனை உயர்த்திப் பிடிக்காதீர்கள். மடியில் வைத்துவிட்டு, மறக்காமல் உம் கொட்டுங்கள்.

சொல்லும்போது, பாடம் பண்ணிய மாதிரி சொல்லாதீர்கள். இடங்களை மட்டும் மனதில் வையுங்கள்: வீடு, ஆறு, மரம், அரண்மனை. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகத் தெரிந்தால் போதும், சொல் தானாக வரும். பிள்ளை கண்ணைப் பாருங்கள். பயந்த பிள்ளைக்குப் புதுக் கதை வேண்டாம், தெரிந்த கதைதான் நல்லது. அப்புறம், முடிந்தவுடன் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்ட உடனே அது வகுப்பாகிவிடும்.

போனில் கேட்கும் நாங்கள் உம் கொட்டினால் உங்களுக்குக் கேட்காதே?

கேட்டது. கட்டுநாயக்கத் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. புயலுக்குப் பிறகு இரண்டு கிழமை நான் கதை பதியவில்லை. பாடசாலையிலிருந்து திரும்பி வந்தும் மனம் ஒட்டவில்லை. ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து 11 நிமிடக் குரல்பதிவு ஒன்று வந்தது. போட்டால் பேச்சே இல்லை. பஸ் சத்தம், யாரோ டிக்கெட் கேட்கிற சத்தம், நடுநடுவே அவள் குரலில் "உம்... உம்...". வேலை முடிந்து போகும்போது என் பழைய கதை ஒன்றை ஒரு காதில் கேட்டுக்கொண்டு, இன்னொரு போனில் தன் 'உம்'மை மட்டும் பதிந்திருக்கிறாள். எந்தக் கதை என்று எனக்கு அந்த இடைவெளிகளை வைத்தே தெரிந்துவிட்டது. இஸ்தோப்பில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். சிவனொளிபாத மலைக்குப் போகிற சீசன் நாட்களில் இரவில் இங்கிருந்து பார்த்தால் படிக்கட்டு வெளிச்சம் உச்சி வரைக்கும் ஒரு கோடாகத் தெரியும். அன்றைக்கு இரவு அதைப் பார்த்துக்கொண்டே திரும்பச் சொல்லத் தொடங்கினேன்.

மழை வந்ததால் பாதியில் விட்ட அண்ணன் தம்பிக் கதை இன்னும் பாக்கி. அண்ணன் ஆற்றைக் கடந்துவிட்டான், தம்பி இக்கரையில் நிற்கிறான், ஓடக்காரன் கூலி கேட்கிறான். பொங்கல் முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை, இரவு ஏழரைக்கு, அந்த இடத்திலிருந்து.